கோல் கோட்டில் ரீப்ளே: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் காணொளி மறுஆய்வு எப்படி இருக்கிறது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்குக் கொண்டுசேர்க்கும் டச்டவுன் ஒன்றுக்கு ஆறு புள்ளிகள். அதைப் பெற வீரர் முழு உடலோடு கோட்டைக் கடக்க வேண்டியதில்லை. கோல் கோட்டின் முன் விளிம்பிலிருந்து நேர்மேலே எழும் கற்பனைத் தளத்தைப் பந்தின் நுனி தொட்டாலே போதும். ஆனால் பந்து அங்கே சேர்வதற்கு முன் அவருடைய முழங்காலோ முழங்கையோ தரையில் பட்டுவிட்டால் அந்த ஒரு முயற்சி, அதாவது ஆட்டத்துண்டு, அந்த இடத்திலேயே முடிந்துவிடும். தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் எதிரணி வீரர் தொட்டிருந்தால்தான் அவர் வீழ்ந்ததாகக் கணக்கு. கல்லூரி ஆட்டத்தில் தானாகக் கால் தடுக்கி விழுந்தாலும் கணக்குதான். ஆகவே கோட்டருகே ஓடிவரும் நடுவர், பந்து எங்கே இருக்கிறது, முழங்கால் எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் ஒரே கணத்தில் பார்த்தாக வேண்டும். மனிதக் கண்ணுக்கு இது பெரிய சுமை. அந்தச் சுமையைக் குறைக்க வந்த ரீப்ளே மறுஆய்வை, கோல் கோடு என்ற ஒரே இடத்தில் மட்டும் வைத்து இங்கே மதிப்பிடுகிறேன்.

2004இல் பிக் டென் கான்ஃபரன்ஸ் (பல கல்லூரி அணிகள் சேர்ந்த கூட்டமைப்பு) சோதனை முறையில் தொடங்கியதை மறு ஆண்டே மற்ற கான்ஃபரன்ஸ்களும் பின்பற்றின. 2006இல் அது பொது விதியாகவே ஆனது. மைதானத்தின் மேல்தளத்து அறையில் அமர்ந்திருக்கும் ரீப்ளே அதிகாரி ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் கவனிக்கிறார். ஐயம் எழுந்தால் ஆட்டத்தை நிறுத்தச் சொல்கிறார். களத்தில் அளித்த தீர்ப்பை மாற்ற வேண்டுமானால், மறுக்க முடியாத காட்சி ஆதாரம் வேண்டும். அது இல்லையென்றால், நடுவர் முதலில் சொன்னது சரியோ தவறோ, அதுவே நிற்கும். 2016 முதல் சில பெரிய கான்ஃபரன்ஸ்கள் தங்கள் தலைமையகத்திலும் ஒரு குழுவை அமர்த்தி, மைதானத்து அதிகாரியுடன் கலந்து முடிவெடுக்கச் செய்கின்றன.

இப்படி ஒன்று இல்லாத காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் தேவை விளங்கும். 1979 ஜனவரி 1 அன்று ரோஸ் பௌல் என்ற பருவ இறுதி ஆட்டத்தில் யுஎஸ்சியின் (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சார்லஸ் வைட் கோட்டை நோக்கிப் பாய்ந்தபோது, ஒரு கஜம் மிச்சமிருக்கும்போதே பந்து அவர் கையைவிட்டு நழுவியது. எதிரணியான மிச்சிகன் அதைக் கைப்பற்றியும்விட்டது. ஆனால் டச்டவுன் என்று நடுவரின் கை உயர்ந்தது. ஆட்டத்தை யுஎஸ்சி 17–10 என வென்றது. யுஎஸ்சி அந்தப் பருவத்தின் தேசியப் பட்டத்தை அலபாமாவுடன் பகிர்ந்துகொண்டது. 1990 அக்டோபரில் மிசூரி மைதானத்தில் நடந்தது இன்னும் மோசம். நான்கு முயற்சிகளே உரியவை என்றிருக்க, எண்ணிக்கை தவறிய நடுவர்கள் கொலராடோவுக்கு ஐந்தாவது முயற்சியையும் கொடுத்தார்கள். அந்த ஐந்தாவதில் சார்லஸ் ஜான்சன் கோட்டைத் தொட்டாரா என்பதே இன்றுவரை சர்ச்சையாக இருக்கிறது. கொலராடோ 33–31 என வென்று, அதே பருவத்தில் பட்டத்திலும் பங்கு பெற்றது. பந்து வெட்டவெளியில் நழுவிய வைட்டின் நிகழ்வை இன்றைய ரீப்ளே சில நொடிகளில் திருத்தியிருக்கும் என்பதே என் எண்ணம்.

வீரர் பக்கக்கோட்டை மிதித்தாரா, மூலையில் நிற்கும் பதினெட்டு அங்குல உயர ஆரஞ்சு நிறப் பைலானைப் பந்தால் தொட்டாரா என்ற கேள்விகளுக்கு இந்த அமைப்பு நன்றாகவே விடை தருகிறது. பைலானுக்குள்ளேயே கேமரா வைக்கும் வழக்கம் வந்தபின், கோட்டின் வழியாகவே நேராகப் பார்க்கும் கோணம் கிடைத்துவிட்டது. அந்தப் பகுதியைப் பொறுத்தவரை எனக்குக் குறை எதுவும் இல்லை.

குறை தொடங்குவது, ஆதாரம் போதுமா என்ற கேள்வியில். 2022 டிசம்பர் 31 அன்று அரிசோனாவின் கிளென்டேலில் நடந்த ஃபியஸ்டா பௌல் ஆட்டத்தை, அதாவது மிச்சிகனும் டிசியுவும் (டெக்சஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம்) மோதிய தேசியப் பட்டத்துக்கான அரையிறுதியை, எடுத்துக்கொள்வோம். இரண்டாம் கால்பகுதியில் மிச்சிகனின் ஜே.ஜே. மெக்கார்த்தி வீசிய நீண்ட பந்தை ரோமன் வில்சன் பிடித்து, கோட்டை நோக்கி விழுந்தார். களத்து நடுவர் டச்டவுன் என்றார். ரீப்ளே அதை மாற்றி, கோட்டுக்கு ஒரு கஜத்துக்கும் குறைவான இடத்தில் பந்தை வைக்கச் சொன்னது. அடுத்த ஆட்டத்துண்டிலேயே கலெல் மல்லிங்ஸ் பந்தைத் தவறவிட, டிசியு அதைக் கோட்டுக்கு உள்ளே கைப்பற்றியது. அந்த வாய்ப்பில் மிச்சிகனுக்கு ஒரு புள்ளிகூட மிஞ்சவில்லை. இறுதியில் டிசியு 51–45 என வென்றது. மெக்கார்த்தி வீசிய இரண்டு பந்துகளை டிசியு இடைமறித்து டச்டவுனாகவே மாற்றியது என்பதால், தோல்வியின் பழி முழுவதையும் ரீப்ளே மேல் போடுவது நியாயமாகாது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை. பிடி உறுதியான கணம் எது, உடல் தரையில் பட்ட கணம் எது, அப்போது பந்தின் நுனி எங்கே இருந்தது என்ற மூன்றையும் ஒரே சட்டகத்தில் ஐயமின்றிக் காட்டும் படம் ஒளிபரப்பில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை. பந்து கோட்டை எட்டுமுன்பே வில்சன் விழுந்தார் என்று நினைக்க இடமுண்டு. ஆனால் நினைக்க இடமிருப்பது வேறு, மறுக்க முடியாமல் இருப்பது வேறு. களத்தில் முதலில் எட்டவில்லை என்று சொல்லியிருந்தால், அதையும் அப்படியே நிற்க விட்டிருக்க வேண்டியதுதான்.

அப்படி நிற்கவிட்ட நிகழ்வும் உண்டு. 2012 அக்டோபர் 13 அன்று மழையில் நடந்த ஆட்டத்தில், நோட்ரே டாமுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் நான்காவது முயற்சியில் ஸ்டான்ஃபோர்டின் ஸ்டெப்ஃபன் டெய்லர் ஆட்கள் குவியலுக்குள் புகுந்து பந்தை நீட்டினார். பந்து கோட்டைத் தொடவில்லை என்றார்கள் நடுவர்கள். மறுஆய்வும் அதை மாற்றவில்லை. 20–13 என வென்ற நோட்ரே டாம் அந்த வழக்கமான பருவம் முழுவதும் தோல்வியே காணாமல் தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டம்வரை சென்றது. ஸ்டான்ஃபோர்ட் ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் விதி கேட்ட கட்டுப்பாட்டை அன்று ரீப்ளே அறை காத்தது என்றே சொல்வேன். குவியலுக்குள் மறைந்த பந்தை எந்தக் கேமராவும் காட்டாதபோது, அருகில் நின்று பார்த்தவரின் சொல்லுக்கு மேல் வேறென்ன இருக்கிறது?

இரண்டு நிகழ்வுகளிலும் ரசிகரை வாட்டியது தீர்ப்பு மட்டும் அல்ல, அதன் பின்னே இருந்த மௌனமும்தான். தலைமை நடுவர் ஒலிவாங்கியில் ஓரிரு வாக்கியங்களில் முடிவை அறிவிக்கிறார். எந்தச் சட்டகத்தை வைத்து முடிவெடுத்தார்கள் என்பது பெரும்பாலும் வெளியே வருவதில்லை. கிரிக்கெட்டில் மூன்றாவது நடுவர் எந்தக் கோணத்தைக் கேட்கிறார், எதைக் கண்டு முடிவுக்கு வருகிறார் என்பதை வீட்டிலிருந்தே கேட்டுப் பழகிய நமக்கு இது பெருங்குறையாகவே படும். 2025 பருவத்தில் ஏசிசி கான்ஃபரன்ஸ் சில ஆட்டங்களில் மறுஆய்வு உரையாடலை நேரடியாக ஒளிபரப்ப முன்வந்தது. நான் பார்த்தவரையில் இந்த அமைப்பில் வந்த சீர்திருத்தங்களிலேயே இதுதான் ரசிகரை மதித்த ஒன்று. மற்ற கான்ஃபரன்ஸ்களும் இதைத் தாமதமின்றி எடுத்துக்கொள்ள வேண்டும்.

பந்துக்குள் சில்லு வைத்துவிட்டால் எல்லாம் தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதி விடைதான். பந்து எங்கே என்பதைச் சில்லு சொல்லலாம். முழங்கால் எப்போது தரையில் பட்டது, பிடி எப்போது நழுவியது என்பதை அது சொல்லாது. என்எஃப்எல் 2025இல் ஹாக்-ஐ கேமராக்களைக் கொண்டுவந்தபோதுகூட, முதல் டவுனுக்கான தூரத்தை, அதாவது நான்கு முயற்சிகளுக்குள் கடக்க வேண்டிய பத்து கஜத்தை, அளக்க மட்டுமே அவற்றைப் பயன்படுத்தியது. பந்தை எங்கே வைப்பது என்பதை இன்னும் மனிதரே முடிவு செய்கிறார்.

கல்லூரி ஆட்டத்தில் இதைவிட எளிய தேவை ஒன்று இருக்கிறது. மறுஆய்வுக்கான படங்கள் பெரும்பாலும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலிருந்தே வருகின்றன. ஆகவே தேசிய அளவில் ஒளிபரப்பாகும் பெரிய ஆட்டத்துக்கு ஏராளமான கோணங்கள் கிடைக்க, சிறிய ஆட்டத்துக்குச் சில கோணங்களே கிடைக்கின்றன. புள்ளி என்னவோ இரண்டிலும் ஆறுதான். இரு கோல் கோடுகளின் இரு முனைகளிலும் கோட்டை நேராகப் பார்க்கும் நிலையான கேமராக்கள், அதாவது மைதானத்துக்கு நான்கு, ஒளிபரப்பாளர் யாராக இருந்தாலும் கட்டாயம் என்று விதி எழுதப்பட வேண்டும். அது வரும்வரை கோல் கோட்டில் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்றுக்கு மேல் என்னால் தர இயலாது.