ரீட்டிரா, கெட்டென்ட்ஸ்64-ஆ: பத்து லட்சம் ஃபைல் உள்ள டைரக்டரியைப் படிக்க எது?

டிஸ்கில் இடம் தாராளமாக இருக்கும். ஆனால் புதிதாக ஒரு ஃபைல்கூட உருவாக்க முடியாது, 'இடமில்லை' என்றே லினக்ஸ் சொல்லும். ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்றாக டிஸ்கில் இருக்கும் விவரக் குறிப்பு) தீர்ந்துபோன சர்வரைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எந்த டைரக்டரி ஐநோடுகளைத் தின்கிறது என்று எண்ணிச் சொல்ல சி-யில் ஒரு சின்னக் கருவி தேவைப்பட்டது. டைரக்டரியைப் படிக்க இரண்டு வழி: சி லைப்ரரியின் ஓப்பன்டிர், ரீட்டிர் ஜோடி, அல்லது லைப்ரரியைத் தாண்டி லினக்ஸின் மையமான கர்னலின் கெட்டென்ட்ஸ்64 சிஸ்டம் காலை (கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) நேரடியாகக் கூப்பிடுவது. இரண்டையும் எழுதிப் பார்த்துவிட்டு ரீட்டிரையே வைத்துக்கொண்டேன்.

'சிஸ்டம் கால் என்றால் வேகம்' என்ற பேச்சை முதலில் தள்ளிவைக்கலாம். ரீட்டிரும் அடியில் கெட்டென்ட்ஸ்64-ஐத்தான் கூப்பிடுகிறது, அதுவும் ஃபைலுக்கு ஒருமுறை அல்ல. ஒரு பஃபர் (தற்காலிக மெமரிப் பகுதி) நிறைய வாங்கி வைத்துக்கொண்டு, நாம் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறது. பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சி லைப்ரரியான ஜிலிப்சி-யில் அந்த பஃபர் வழக்கமாக 32 கேபி. நேரடியாகப் போனால் பஃபரின் அளவை நாமே வைக்கலாம், 5 எம்பி வேண்டுமானாலும். வேக வித்தியாசம் என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் இதில்தான்.

அது எவ்வளவு பெறும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். கர்னல் தரும் ஒவ்வொரு பதிவிலும் ஐநோடு எண்ணுக்கு 8 பைட், அடுத்த பதிவுக்கான குறிக்கு 8, பதிவின் நீளத்துக்கு 2, வகைக்கு 1, ஆக 19 பைட். அதற்குப் பின் பெயர், கடைசியில் ஒரு பூஜ்ஜிய பைட். மொத்தத்தை 8-இன் மடங்காக மேலே ஏற்றிவிடும். 'தமிழ்' என்று ஒரு ஃபைலுக்குப் பெயர் வைத்தால் யூடிஎஃப்-8-இல் அது 15 பைட். 19, 15, 1 சேர்த்து 35, ஏற்றினால் 40. இருபது ஆங்கில எழுத்துப் பெயருக்கும் அதே 40-தான்.

ஆகவே பத்து லட்சம் ஃபைல் என்றால் ஏறத்தாழ 4 கோடி பைட். 32 கேபி பஃபரில் ஒரு தடவைக்கு 819 பதிவு வரும், சுமார் 1,220 சிஸ்டம் காலில் வேலை முடிந்துவிடும். 5 எம்பி பஃபர் என்றால் எட்டே தடவை. 1,220 எங்கே, 8 எங்கே என்று தோன்றும். ஆனால் அதே நிரல் ஒவ்வொரு ஃபைலுக்கும் 'இது ஃபைலா, டைரக்டரியா' என்று எல்ஸ்டாட் (ஒரு ஃபைலின் விவரம் கேட்கும் சிஸ்டம் கால்) போட்டுக் கேட்டால், அது தனியாகப் பத்து லட்சம் கால். அதை விட்டுவிட்டு 1,220-ஐக் குறைப்பதில் என்ன லாபம்?

என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான். அந்தக் கேள்விக்கான பதில் பதிவிலேயே, வகைக்கான அந்த ஒரு பைட்டில், வந்துவிடுகிறது. ரீட்டிரும் அதை டி_டைப் என்று அப்படியே கொடுக்கிறது. அதற்காக லைப்ரரியைத் தாண்ட வேண்டியதில்லை. பைத்தான் 3.5-இல், டைரக்டரியைப் படிக்கும் ஸ்கேன்டிர் வந்தபோது, உள் டைரக்டரிகள் வரை நடந்து பார்க்கும் ஓஎஸ்.வாக் லினக்ஸ் வகை கணினிகளில் 2-3 மடங்கு, விண்டோஸில் 8-9 மடங்கு வேகமானதாக அதற்கான முன்மொழிவே சொல்கிறது. அங்கேயும் நடந்தது தேவையில்லாத ஸ்டாட்களைக் களைந்ததுதான். லினக்ஸில் அதற்கு அடியில் ஓடுவது சாதாரண ரீட்டிர்.

ஒரு எச்சரிக்கை: டி_டைப் எப்போதும் நிரம்பி வரும் என்று நம்பி எழுதக்கூடாது. அந்த வசதி இல்லாமல் ஃபார்மட் செய்த எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தின் பழைய பார்ட்டிஷனில் 'தெரியாது' என்றே வரும். அப்போது மட்டும் எல்ஸ்டாட்டுக்குப் போக வேண்டும். எந்த வழியில் போனாலும் இந்த நாலு வரி எழுதித்தான் ஆக வேண்டும்.

பராமரிப்பிலும் ரீட்டிருக்கே என் ஓட்டு. கெட்டென்ட்ஸ்64-க்கு ஜிலிப்சி 2.30-இல்தான், அதாவது 2019-இல்தான், தனி ஃபங்ஷன் வந்தது. அதற்கு முந்தைய கணினியில் எண்ணைக் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அந்த எண் எக்ஸ்86-64-இல் 217, ஆர்ம்64-இல் 61. பதிவுக்குப் பதிவு நீளம் பார்த்துத் தாவும் லூப்பும் நம் தலையில். மேக்கில் இந்தக் கோடு கம்பைலே ஆகாது. ரீட்டிரில் எனக்கு எரிச்சல் ஒன்றுதான்: முடிந்தாலும் நல் (வெற்று பாயிண்டர்), பிழையானாலும் நல். முன்கூட்டியே, பிழை எண்ணைத் தாங்கும் எர்நோவைப் பூஜ்ஜியமாக்கி வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். நேரடி வழியில் முடிந்தால் 0, பிழை என்றால் -1, சுத்தமாக இருக்கிறது.

நேரடி வழிக்கு நியாயமான இடங்களும் உண்டு. அல்பைன் என்ற சிறிய லினக்ஸின் கண்டெய்னரில் இருப்பது ஜிலிப்சி அல்ல, மசல் என்ற வேறொரு சி லைப்ரரி. அதன் ரீட்டிர் பஃபர் வெறும் 2 கேபி. மேலே போட்ட கணக்கில் 1,220 என்பது இருபதாயிரத்தை நெருங்கிவிடும். இன்னொன்று, பல த்ரெட் ஓடும் நிரலில் ஃபோர்க் செய்த (தன்னைப் போல ஒரு நகலை உருவாக்கிய) பிறகு: ஓப்பன்டிர் மெமரி ஒதுக்கும் என்பதால் அங்கே அதைக் கூப்பிடுவது ஆபத்து. வேறு நிரல்களை ஓட்டும் பைத்தானின் சப்ப்ராசஸ், திறந்திருக்கும் ஃபைல்களை மூட லினக்ஸில் கெட்டென்ட்ஸ்64-ஐ நேரடியாகக் கையாளும் வழியையும் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

நான் பார்த்ததெல்லாம் லோக்கல் டிஸ்க், பெரும்பாலும் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம். நெட்வொர்க் வழியே வரும் என்எஃப்எஸ் மேல் பஃபர் அளவு மாறினால் எப்படி இருக்கும் என்று நீங்களே அளந்து பாருங்கள், என் தீர்ப்பை அங்கே நீட்ட வேண்டாம்.

ஒரே ஒரு டைரக்டரியை எண்ணுவதுதான் தேவை என்றால் நிரலே வேண்டாம். பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை திணறுவது போலத் தெரிவதற்குப் பெரும் பங்கு காரணம், எல்லாப் பெயரையும் மெமரியில் சேர்த்து வரிசைப்படுத்திவிட்டுத்தான் முதல் வரியையே காட்டுகிறது என்பது. 'எல்எஸ் -எஃப்' (சிறிய எழுத்து எஃப்) கொடுத்தால் வரிசைப்படுத்தாமல் வந்தபடியே கொட்டும். அதை, வரிகளை எண்ணும் 'டபிள்யூசி -எல்' பக்கம் பைப் செய்து, வரும் எண்ணில் இரண்டைக் கழித்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் புள்ளியும் (இதே டைரக்டரி) இரட்டைப் புள்ளியும் (மேல் டைரக்டரி) அதில் சேர்ந்திருக்கும்.