அம்மாவுக்கு வாங்குன ஜிபிஎஸ் வாட்ச், ஏழு மாசத்துக்கு அப்புறம்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் எங்க வீடு. அம்மாவுக்கு 79 வயசு, முப்பது வருசத்துக்கு மேல ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டி பால் எடுத்தவங்க. டிமென்சியான்னு (மறதி நோய்) பெரிய ஆஸ்பத்திரில சொல்லி ரெண்டு வருசம் ஆகுது. பகல்ல பெருசா தொல்லை இல்ல, விடியக்காலைல நாலரை ஆச்சுன்னா பெரட்டுக்கு (தோட்டத்துல விடியக்காலைல பேர் கூப்புடுறது) நேரமாச்சுன்னு கதவத் தொறந்துக்கிட்டு கெளம்பிடுவாங்க. ராத்திரி சாப்டது ஞாபகம் இருக்காது, மண்டோர் (வேலைய மேற்பார்வை பாக்குறவரு) பேர் கூப்புடுற நேரம் மட்டும் மறக்கல. இந்த நோய்ல புது ஞாபகம்தான் மொதல்ல போகும்.

அதுக்குத்தான் ஆன்லைன்ல 189 வெள்ளிக்கு (ரிங்கிட்) இந்த வாட்ச், சிம் தனி. மொதல்ல வந்தது 3ஜி வாட்ச், மலேசியாவுல 3ஜியவே 2021 கடைசில மூடிட்டாங்க, இன்னும் வித்துக்கிட்டு இருக்கானுங்க, கடை பேரு வேணாம், திருப்பி அனுப்பி 4ஜி வர்றதுக்குள்ள மூனு வாரம் போச்சு. வாங்குறதுக்கு முன்ன இதப் பாத்துக்குங்க.

ஆப்புல வீட்டச் சுத்தி ஒரு வட்டம் போட்டு வச்சா அதத் தாண்டுனதும் போன் கத்துது, இது நல்லாவே வேலை செய்யுது. வானம் தெரியிற ரோட்டுல எடம் கரெக்டா காட்டும், செம்பனைத் தோட்டத்துக்குள்ள (எண்ணெய்ப் பனை) போனா கொஞ்சம் தள்ளாடும். வீட்டுக்குள்ள சேட்டலைட் கெடைக்காம போன் டவர வச்சு கணக்குப் போடுது போல, ஒருநாள் அம்மா குசினில உக்காந்து வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருக்காங்க, ஆப்பு என்னடான்னா கோயிலத் தாண்டி சீனக் கம்பத்துல (சீனர் குடியிருப்பு) இருக்காங்கங்குது. சார்ஜ் ஒன்றரை நாள்தான்.

பெரிய கோளாறு வேற. தினம் காலைல வாட்ச் மெத்தை மேல கெடக்கும், அம்மா வெளிய நிப்பாங்க. பட்டை உறுத்துதோன்னு மாத்துனேன், திட்டுனேன், அழுதும் பாத்தாச்சு. அப்புறம் அக்காதான் சொன்னாங்க, "பால் வெட்டப் போறப்ப எவடா வாட்ச் கட்டிக்கிட்டுப் போவா? பால் ஒட்டிக்கும்னு கழட்டி வச்சிட்டுத்தானே போவாங்க". அதாவது எப்ப தேவையோ கரெக்டா அப்பதான் கழட்டுறாங்க!

இது சின்னப் பிள்ளைங்களுக்குச் செஞ்ச வாட்ச், ரோஸ் கலர் பட்டையப் பாத்தாலே தெரியும், அதையே கெழவிக்கும் விக்கிறானுங்க. 2018 நாட்டு சுகாதார சர்வேல 60 வயசுக்கு மேல உள்ளவங்கள்ல 8.5 விழுக்காடு பேருக்கு டிமென்சியா இருக்கலாம்னு வந்துச்சு. இவ்ளோ பேர் இருக்காங்க, அவங்க கையில கட்டிப் பாத்துச் செஞ்சா என்ன? கோலாலம்பூர் பக்கம் பிஜேல (பெட்டாலிங் ஜெயா) 1997லேருந்து அல்சைமர் அறவாரியம் இருக்கு, டே கேர் கூட நடத்துறாங்க, ஆனா இங்கேருந்து தெனமும் அம்மாவ அவ்ளோ தூரம் கூட்டிட்டுப் போக முடியுமா?

இப்ப பட்டைய வெட்டிட்டு மெசின மட்டும் காட்டுச் சட்டைல (தோட்ட வேலைக்குப் போடுறது) உள்பக்கம் ஒரு பை தச்சு அதுல போட்டுட்டேன். அந்த நீளக்கைச் சட்டை இல்லாம அவங்க எங்கயும் கெளம்ப மாட்டாங்க. போன மாசம் ரெண்டு தடவ கத்துச்சு, ரெண்டு தடவையும் பத்து நிமிசத்துல மோட்டார் சைக்கிள்ல போய்ப் புடிச்சிட்டேன். செம்பனை ஓரமா டார்ச்சோட நின்னுக்கிட்டு, "மரத்தையெல்லாம் காணோமேடா தம்பி, யாரு வெட்டுனது?"ன்னாங்க.

வாட்ச்சா கட்டுனா ரெண்டு ஸ்டார், சட்டைல தச்சா நாலு. துவைக்கப் போடுறப்ப மறக்காம எடுத்துடுங்க, நான் ஒருதடவ மறந்துட்டேன், ரெண்டு நாள் அரிசில போட்டு வச்சுத்தான் உயிர் வந்துச்சு.