சபினோ கேன்யன் ஷட்டில்: ஒரு பள்ளத்தாக்கு, இரண்டு காடு

அரிசோனா மாநிலம் டூசான் நகரின் வடகிழக்கு ஓரத்தில், சாண்டா கேட்டலினா மலையடிவாரத்தில் இருக்கிறது சபினோ கேன்யன். அதற்குள் ஓடும் ஷட்டில் வண்டிக்கு நான் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறேன். ஒரே பள்ளத்தாக்கின் இரண்டு சுவர்களில் இரண்டு விதமான காடு வளர்ந்திருப்பதை, இருக்கையை விட்டு எழாமலே பார்க்கலாம் என்பதற்காகவே இந்த ஐந்தும்.

நான் திருநெல்வேலிப் பக்கம் பள்ளியில் புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் பீனிக்ஸ் அருகே இருக்கிறாள். அங்கிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் டூசான் வந்துவிடலாம். சூரியக் கதிர் சாய்ந்து விழுந்தால் சூடு குறையும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை படம் போட்டிருக்கிறேன். அந்தப் படம் மலை அளவுக்குப் பெரிதாகி எதிரில் நிற்பதை இங்கேதான் பார்த்தேன்.

முதலில் வண்டியைப் பற்றி. 1978 முதல் இந்தச் சாலையில் சொந்த வாகனங்களுக்கு அனுமதி இல்லை. நடக்கலாம், இல்லையென்றால் ஷட்டில். இப்போது ஓடுவது மின்சார வண்டி. பக்கங்கள் திறந்திருப்பதால் எந்த இருக்கையும் நல்ல இருக்கைதான். ஒன்பது நிறுத்தங்கள், ஒரு வழிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர், போய்த் திரும்ப ஒரு மணி நேரம். விரும்பிய இடத்தில் இறங்கி அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம். இஞ்சின் சத்தம் இல்லாததால் ஓடையின் சத்தம் காதில் விழுகிறது. 1930களில் கட்டிய கல் பாலங்களின் மேல் சாலை அந்த ஓடையை மாறி மாறிக் கடக்கும். ஆகவே ஓடையை வைத்து இடம் வலம் பார்க்காதீர்கள், மலைச்சுவரை வைத்துப் பாருங்கள்.

மேலே போகும்போது இடப்பக்கச் சுவர் பெரும்பாலும் தென்கிழக்கு பார்த்தது. அங்கே சவாரோ கள்ளிகள் அடிவாரத்திலிருந்து பாறை முகடு வரை திரளாக நிற்கும். இரண்டு மூன்று ஆள் உயரம், அதற்கு மேலும் உண்டு, கைகளைத் தூக்கியபடி. வலப்பக்கச் சுவர் வடமேற்கு பார்த்தது. உள்ளே போகப் போக அங்கே சவாரோ அருகிவிடும். புதர்களும் புல்லும்தான் அதிகம். நடுவில் ஓடையோரம் சிக்கமோர், காட்டன்வுட், வில்லோ என்று இலையுதிர் மரங்கள். மழை மூன்றுக்கும் ஒன்றுதான், பாறையும் ஒன்றுதான்.

மாறுவது வெயில்தான். கணக்கு எளிது. டூசான் ஏறக்குறைய 32 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து 34 டிகிரிதான் ஏறும். செங்குத்தாக விழும் வெயிலை 100 என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் சமதரைக்கு 56 கிடைக்கும். 30 டிகிரி சாய்ந்த, நேர் தெற்கு பார்த்த சரிவுக்கு 90. அதே சாய்வில் நேர் வடக்கு பார்த்த சரிவுக்கு 7. ஜூனில் சூரியன் 81 டிகிரி ஏறிவிடும். அப்போது தெற்குச் சரிவுக்கு 93, வடக்குச் சரிவுக்கு 78. கோடையில் இரண்டு சுவர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வேகின்றன. இரண்டையும் பிரித்து வைப்பது குளிர்காலம்.

பாலைவனச் செடியின் கஷ்டமெல்லாம் வெயிலும் வறட்சியும்தான் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கு நல்ல பாடம் சொல்லும். சவாரோ வறட்சி தாங்கும், அதன் எமன் உறைபனி. தண்டு முழுக்க நீர். இரவில் உறைநிலைக்குக் கீழே போனாலும் மறுநாள் காலை வெயில் பட்டுச் சூடேறிவிட்டால் பிழைத்துக்கொள்ளும். பகலிலும் குளிர் விடாமல் பிடித்துக்கொண்டால் திசுக்கள் செத்துப்போகும். தென்கிழக்கு பார்த்த சுவருக்குக் காலை வெயில் முதலில் வந்து சேர்கிறது. எதிர்ச்சுவர் அந்நேரம் நிழலில் இருக்கும். வளர்ந்த சவாரோக்களை உற்றுப் பாருங்கள், சிலவற்றின் தண்டில் இடுப்பு போல ஒடுங்கிய இடம் தெரியும். கடுங்குளிர் தாக்கி வளர்ச்சி தடைப்பட்ட வருடத்தின் அடையாளமாக அது இருக்கலாம்.

இதைத் தீர ஆராய்ந்தவர் ஃபாரஸ்ட் ஷ்ரீவ் என்ற தாவரவியலாளர். டூசானின் டுமாமாக் குன்றில் 1903ல் தொடங்கிய பாலைவன ஆய்வுக்கூடத்துக்கு 1908ல் வந்தார். சவாரோ எங்கே வளரும், எங்கே வளராது என்பதைக் குளிர் எப்படி முடிவு செய்கிறது என்று 1911ல் எழுதினார். 1915ல் இதே கேட்டலினா மலையின் தாவரங்களைப் பற்றிய பெரிய ஆய்வை வெளியிட்டார். இரவில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தின் அடியில் தேங்குவதையும் அவர் கவனித்து எழுதியிருக்கிறார். ஜனவரி காலை முதல் வண்டியில் ஏறுகிறவர்கள் அதை உடம்பிலேயே உணரலாம். வண்டி ஓடுவது பள்ளத்தின் அடியில்தானே. கம்பளிச் சால்வை இல்லாமல் ஏறாதீர்கள்.

ஒன்பதாம் நிறுத்தத்தில் கட்டாயம் இறங்குங்கள். அங்கிருந்து ஃபோன்லைன் என்ற நடைபாதைக்கு ஏறும் வழி, வலப்பக்க நிழல் சுவரில் வளைந்து வளைந்து போகிறது. கைத்தடி ஊன்றிக்கொண்டு கொஞ்ச தூரம் ஏறினாலே எதிர்ச்சுவர் முழுதும் கண்முன் விரியும். எனக்குப் பிடித்தது அதைவிடச் சின்ன விஷயம். பாறை இடுக்குகளில் பாசி போன்ற ஒரு செடி சாம்பல் நிறத்தில் சுருண்டு, செத்தது போல் கிடக்கும். ஸ்பைக்மாஸ் என்கிறார்கள். என் பாட்டிலிலிருந்து கொஞ்சம் தண்ணீர் விட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சுப் பழம் தின்று முடிப்பதற்குள் நுனிகள் நெகிழ்ந்து, உள்ளே பச்சை தெரிந்தது. அது வேரூன்றியிருந்த பாறையின் வடக்கு முகத்தில் உள்ளங்கையை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. அதே பாறையைச் சுற்றி வந்து தெற்கு முகத்தைத் தொட்டால் இளஞ்சூடு. அந்தப் பக்கம் ஸ்பைக்மாஸ் கிடையாது. மலை செய்வதை ஒரு பாறாங்கல்லும் செய்கிறது.

இது தெரிந்தபின் நிழல் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் சவாரோக்களைப் பாருங்கள். தெற்கே திரும்பிய ஒரு பாறை மூக்கோ மேடோ பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். இளம் கள்ளிகள் பெரும்பாலும் பாலோவெர்டே மரத்தடியில்தான் இருக்கும். அந்த மரம் கோடைப் பகலில் நிழல் தருகிறது, குளிர்கால இரவில் தரையின் சூடு வானத்துக்குப் போய்விடாமல் கொஞ்சம் மறைத்துக் கொடுக்கிறது. தாய் முந்தானை போட்டு மூடியது மாதிரி.

நம் ஊரில் இதை நாம் கவனிப்பதில்லை, அதற்குக் காரணம் உண்டு. திருநெல்வேலியில் சூரியன் சில மாதம் தலைக்கு வடக்கே, மற்ற மாதங்களில் தெற்கே. நம் மலைகளின் இரு பக்கமும் வேறுபடுவது பெரும்பாலும் மழையால். இங்கே சூரியன் ஒரு நாளும் உச்சந்தலைக்கு வருவதில்லை, நண்பகலில் எப்போதும் தெற்கே சாய்ந்துதான் நிற்கிறது.

வேறொரு சுற்றுலா நிறுவனத்தின் வேனிலும் இந்தப் பாலைவனத்தைச் சுற்றியிருக்கிறோம். வழிகாட்டி ஒவ்வொரு கள்ளிக்கும் பெயர் சொன்னார், ஆனால் அந்தச் சரிவில் மட்டும் ஏன் என்று நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வண்டியும் நிற்கவில்லை. இறங்கி நிற்க விடும் ஷட்டில் எனக்கு அதைவிட எவ்வளவோ மேல்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர், ஜனவரிதான் சரியான காலம். மார்ச்சில் பூக்கள் அழகு என்பார்கள், உண்மைதான், ஆனால் இரண்டு சுவர்களின் வித்தியாசம் குளிர்கால வெயிலில்தான் பளிச்சென்று தெரியும். காலை பத்து மணி வாக்கில் மேலே போய், மதியம் கீழே வாருங்கள். ஜூனில் பெரியவர்களை அழைத்துப் போக வேண்டாம், 38 டிகிரி செல்சியசைத் தாண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கார் நிறுத்தக் கட்டணம் தனி. அமெரிக்க தேசியப் பூங்கா ஆண்டு பாஸ் இருந்தால் அதற்குச் செல்லும், ஷட்டிலுக்குச் செல்லாது. பைனாகுலர் இருந்தால் எடுத்துப் போங்கள், திசைகாட்டி ஃபோனிலேயே இருக்கிறது. பிள்ளைகளுடன் போனால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இரண்டு பக்கமும் கள்ளியை எண்ணச் சொல்லுங்கள். என் பேத்தி நான்காம் நிறுத்தத்துக்குள் காரணத்தைத் தானே சொல்லிவிட்டாள்.