வான் வண்டிக்குள் கருகல் மணம்: பழைய ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

"அப்பா, ஏதோ கருகுது" என்று பின்னால் படுத்திருந்த மகள் சொன்னபோது கோமாரியைத் தாண்டியிருந்தோம். போன ஆவணி அது. சிறுபோக வெட்டு முடிந்து வயல்களில் வைக்கல் எரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு ஓட்டினேன். மூடிய பிறகுதான் மணம் கூடியது.

எங்களுடையது பழைய டொயோட்டா டொல்பின் வான். பின்னால் சீற்றுகளைக் கழற்றிவிட்டு கட்டில், சின்ன பிரிட்ஜ், இரண்டு பேன், தண்ணீர்ப் பம்பு எல்லாம் பூட்டி வீடு மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம். மட்டக்களப்பிலிருந்து அறுகம்குடா, பாணமை பக்கம் போய் இரண்டு இரவு தங்கி வருவதுதான் வழமை. பிரிட்ஜுக்கும் பேனுக்கும் ஒரு தனிப் பற்றரி உண்டு. ஓடும்போது என்ஜினின் அல்டர்னேட்டர் அதையும் சேர்த்துச் சார்ஜ் செய்ய வேண்டும். அதற்கு இருக்கிற ரிலே, டிசி-டிசி சார்ஜர் என்ற இரண்டு வழிகளைப் பற்றித்தான் இது, ஆனால் அந்தக் கருகல் கதையைச் சொல்லாமல் எனக்கு இந்த ஒப்பீடு வராது.

திருக்கோவிலில் நிறுத்திச் சில்லுகளைத் தொட்டுப் பார்த்தேன், சூடில்லை. ஹேண்ட் பிரேக்கும் இழுபட்டிருக்கவில்லை. டொல்பினில் என்ஜின் முன் சீற்றுக்கு அடியில் இருப்பதால் அங்கே எது கருகினாலும் முதலில் டிரைவரின் மூக்குக்குத்தான் வரவேண்டும். இதுவோ பின்னால் இருந்தவளுக்கு முதலில் வந்தது, அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. இனித்த மணம் என்றால் கூலன்ட், அழுகிய முட்டை என்றால் ஈய அமிலப் பற்றரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிறது, ரப்பர் என்றால் பெல்ட் என்று ஒரு கணக்கு உண்டு. எங்களுக்கு வந்தது கருவாடு சுட்ட மாதிரி ஒரு மணம். மனுசி பொத்துவிலில் வாங்கிய கருவாட்டுப் பையை நான் இரண்டு தரம் வெளியே எடுத்து மணந்து பார்த்தேன் என்றால் நம்புங்கள். சூடேறும் பிளாஸ்டிக்கும் வயர் உறையும் இப்படித்தான் மீன் வாடை வீசும் என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கரைப்பற்று வரும்போது மணம் இல்லை. கல்முனையில் ஒரு கராஜில் காட்டினேன். மெக்கானிக் பாஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார், ஒன்றுமில்லை. பெல்ட்டை மாற்றிவிட்டு அனுப்பினார்.

அடுத்த இரண்டு பயணங்களிலும் இதே கதை. மட்டக்களப்பிலிருந்து போகும்போது மணம் வராது, தங்கிவிட்டுக் காலையில் திரும்பும்போது வரும், ஒரு மணித்தியாலத்தில் போய்விடும். "போகும்போது வராது, வரும்போது மட்டும் வருது, இது பேய் பிடிச்ச வான்" என்றாள் மனுசி. பேய் எங்கே இருக்கிறது என்பதை அவளே சொல்லிவிட்டாள், எனக்குத்தான் விளங்கவில்லை. காத்தான்குடியில் வயரிங் வேலை செய்யும் ஒரு காக்காவிடம் (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னேன். அவர் வானைப் பார்க்கவே இல்லை. "தம்பி, ராவைக்குப் பிரிட்ஜ் ஓடுதா?" என்று கேட்டார். ஓடுது என்றேன். "அப்ப பற்றரி இறங்கின காலையிலதான் மணக்கும், வீட்டிலிருந்து போகக்குள்ள பற்றரி நிறைஞ்சிருக்கும். சார்ஜ் ஏத்துற லைன்ல எங்கயோ லூஸ்."

அதுதான். கட்டிலுக்கு அடியில் பலகைப் பெட்டிக்குள் இருந்த ரிலேயில், ஒரு வயரின் லக் (வயர் நுனியில் பொருத்துகிற உலோகக் காது) பச்சை பிடித்து, உறை உருகி, பக்கத்துப் பலகை கறுத்துப் போயிருந்தது. லக்கைச் சரியான கருவியால் நசுக்காமல் சுத்தியலால் அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கல்லடியின் கடற்காற்றில் வருடக் கணக்கில் நிற்கிற வண்டியில் மூட்டு கெட அது போதும்.

சரி, இனி ஒப்பீடு.

ரிலே என்பது ஒரு தானியங்கிச் சுவிட்ச்தான். என்ஜின் ஓடி வோல்டேஜ் 13.3 அளவுக்கு ஏறியதும் இரண்டு பற்றரிகளையும் சேர்த்துவிடும், 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரித்துவிடும். மலிவு. பழுதானால் ஒரு ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் ஒன்று வாங்கி அரை மணித்தியாலத்தில் மாற்றலாம். டிசி-டிசி சார்ஜர் என்பது அல்டர்னேட்டரிலிருந்து வருவதை வாங்கி, இரண்டாவது பற்றரிக்குத் தேவையான வோல்டேஜுக்கு மாற்றி, தனக்கென்று குறித்த அம்பியருக்கு மேல் போகாமல் கொடுக்கிற பெட்டி. விலை, நான் வாங்கியபோது, ரிலேயைவிட ஏழெட்டு மடங்கு. டயோட் வைத்துப் பிரிப்பது என்று மூன்றாவது ஒன்றும் உண்டு, அது 0.7 வோல்ட் வரை தின்றுவிடும் என்பதால் நான் அந்தப் பக்கமே போகவில்லை. புதிய வண்டிகளில் அல்டர்னேட்டரின் வோல்டேஜை கம்ப்யூட்டர் ஏற்றி இறக்குவதால் அங்கே ரிலே சரியாக வேலை செய்யாது, சார்ஜர்தான். பழைய டொல்பின்காரருக்கு அந்தக் கவலை இல்லை.

நான் சார்ஜர் பக்கம் சாய்ந்ததற்கு முக்கியக் காரணம் சூடு, அதிலும் மூட்டுகளில் வருகிற சூடு. இதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை.

முன்பு எங்களிடம் இருந்தது ஈய அமிலப் பற்றரி. அது கொஞ்சம் நிறைந்ததும் தானாகவே குறைவாக இழுக்கத் தொடங்கும். போன வருடம் அதை எடுத்துவிட்டு 100 அம்பியர்-மணி லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி போட்டேன், ரிலேயும் வயரும் பழையதே. லித்தியத்துக்கு உள்தடை மிகக் குறைவு, கொடுக்கக் கொடுக்க வாங்கும், நிறையும்வரை விடாது. காக்கா, வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டம் அளக்கிற கிளாம்ப் மீற்றரைப் பிடித்தபோது 60 அம்பியர் காட்டியது. (வீட்டு வயரிங்காரரிடம் இருக்கிற சாதாரண கிளாம்ப் மீற்றர் ஏசி மட்டும் அளக்கும், வானில் பிடித்தால் பூச்சியம் காட்டும். டிசி அளப்பது வேண்டும்.) அந்தக் கெட்ட லக்கின் இரண்டு பக்கமும் மல்டிமீற்றர் முனைகளை வைத்தோம், 0.6 வோல்ட். அறுபதை 0.6 ஆல் பெருக்குங்கள், 36 வாட். ரேடியோ திருத்துகிறவர் கையில் இருக்கிற சோல்டரிங் அயன் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சோல்டரிங் அயனை பிளக்கில் மாட்டி, பலகைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு ஒரு மணித்தியாலம் வான் ஓட்டியிருக்கிறேன். 60 அம்பியர்-மணி இறங்கிய பற்றரிக்கு 60 அம்பியரில் ஒரு மணித்தியாலம், அதாவது பொத்துவிலிலிருந்து அக்கரைப்பற்று. பேயின் நேர அட்டவணை இவ்வளவுதான்.

பியூஸ் ஏன் போகவில்லை என்று எல்லாரும் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். பியூஸ் பார்ப்பது அம்பியரை மட்டும். 80 அம்பியர் பியூஸுக்கு 60 சாதாரணம். மூட்டு லூசானால் மின்னோட்டம் கூடாது, குறையத்தான் செய்யும், ஆனால் சூடு அந்த ஒரு புள்ளியில் குவியும். பியூஸ் அதைக் காணாது.

சார்ஜர் இங்கேதான் வெல்கிறது. நான் போட்டது 30 அம்பியர் சார்ஜர், உள்ளே வருகிற பக்கத்தில் 35 அளவில் இழுக்கிறது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது, பாதியாக்கினால் கால்வாசி. அதே கெட்ட லக் அங்கேயே இருந்திருந்தாலும் 36 வாட் 12 ஆகியிருக்கும். 12 நல்லது என்று சொல்ல வரவில்லை, லக்கை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஆனால் உப்புக் காற்றில் எந்த மூட்டும் காலப்போக்கில் கெடும் என்கிற ஊரில், கெட்ட பிறகும் கொஞ்சம் அவகாசம் தருகிற ஏற்பாடு எனக்கு வேண்டும். அல்டர்னேட்டருக்கும் இதே நியாயம். கல்முனை ரவுனில் நெரிசலில் ஊரும்போது என்ஜின் மெதுவாகச் சுற்றும், காற்றோட்டம் குறைவு, அந்த நேரத்தில் லித்தியம் முழுதாக இழுத்தால் அல்டர்னேட்டர் வெந்துபோகும்.

இன்னொன்று. லித்தியம் சும்மா கிடக்கும்போதே 13.2, 13.3 காட்டும். ரிலே பிரிய வேண்டிய 12.8க்கு அது சீக்கிரம் இறங்காது, என்ஜினை நிறுத்திய பிறகும் இரண்டும் ஒட்டிக்கொண்டே கிடக்கும், பிரித்து வைக்கிற வேலையே நடக்காது. ஆகவே ஈய அமிலப் பற்றரியோடு இருப்பவருக்கு ரிலே இன்றைக்கும் மோசமில்லை. லித்தியத்துக்கு மாறி ரிலேயை விட்டு வைத்தவர்தான், என்னைப் போல, மாட்டுப்படுவார்.

சார்ஜரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அதுவே சூடாகும். பத்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போனால்கூட 40 வாட்டுக்கு மேல், அது அலுமினியச் செதில்களில் பரவிப் போகிறது என்பதுதான் வித்தியாசம். காற்றில்லாத பெட்டிக்குள் வைத்தால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் கட்டில் பக்கத்தில் ஒரு துவாரம் வெட்டி சின்ன பேன் வைத்தேன். பொருத்தி எட்டு மாதம்தான் ஆகிறது, கச்சான் காற்று வீசுகிற வெயில் காலம் முழுதாக ஒன்றை அது இன்னும் காணவில்லை, அந்த வெயிலில் எப்படி நிற்கும் என்பதைப் புரட்டாதிக்குப் பிறகுதான் உறுதியாகச் சொல்வேன். பழுதானால் இங்கே திருத்த ஆளில்லை, கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும். கூரையில் 200 வாட் சோலார் இருப்பதால் ஒரு கிழமை சமாளிக்கலாம் என்ற தைரியத்தில் இருக்கிறேன். சோலார் இல்லாதவர் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

நிறையும் வேகத்திலும் ரிலேக்காரர்தான் முந்துவார். ஒரு மணித்தியாலத்தில் நிறைந்தது இப்போது இரண்டு எடுக்கிறது. களுவாஞ்சிக்குடி வந்தும் சில நேரம் நிறைந்திருக்காது. எனக்கு அது போதும்.

ரிலேயோடே இருக்கப் போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். ஓர் இரவு பிரிட்ஜ் ஓடிய மறுநாள் காலை பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, என்ஜினை நிறுத்தாமல், ஒவ்வொரு மூட்டின் இரு பக்கமும் மல்டிமீற்றரை வையுங்கள், சேஸியில் பூட்டிய எர்த் லக்கையும் விடாமல். 0.1 வோல்ட்டுக்கு மேல் போனால் அந்த மூட்டைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது மணம் வந்தால் சாவியைத் திருப்புவது மட்டும் போதாது, இரண்டாவது பற்றரியை அதன் காலடியிலேயே துண்டிக்க ஒரு கட்டவுட் சுவிட்ச் வேண்டும், அது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கு அது இருக்கவில்லை. பெட்டிப் பலகையில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவுக்குக் கறுத்திருந்தது, அதற்கு ஒரு சாண் மேலேதான் மகளின் தலையணை.