பொக்கெட் ஸ்பிரிங் என்று காசு வாங்கிவிட்டு வேறு மெத்தையை ஏற்றிவிட்டார்கள்

கடையின் பெயரைப் போடவில்லை, தனியாகக் கேட்டும் எழுதாதீர்கள். மட்டக்களப்பு டவுனில் உள்ள ஒரு தளபாடக் கடை, அவ்வளவுதான். எப்படி ஏமாந்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன், ஏனென்றால் இதே வேலையை நாளைக்கு வேறு கடையும் செய்யலாம்.

அம்மாவுக்கு நாரி உளைவு, அதாவது இடுப்பு வலி. பழைய தும்பு மெத்தை நடுவில் குழிந்து, தும்பெல்லாம் கட்டி கட்டியாகத் திரண்டு போயிருந்தது. போன டிசம்பரில் போனஸ் காசு கையில் இருக்கும்போதே வாங்கிவிடுவோம் என்று போனேன். கடையில் நின்ற தம்பி நன்றாகப் பேசினார். "டீச்சர், இதிலே கையை வச்சு அமத்திப் பாருங்க" என்றார். அமத்தினேன். கை வைத்த இடம் மட்டும் உள்ளே போனது, பக்கத்தில் அசைவே இல்லை. "இதுதான் பொக்கெட் ஸ்பிரிங், 2000 ஸ்பிரிங் இருக்கு, அம்மா புரண்டு படுத்தாலும் பக்கத்திலே படுக்கிற ஆளுக்குத் தெரியாது, பத்து வருசம் வாரண்டி." 75க்கு 60 அங்குலம், விலை 98,000. அதே அளவு சாதாரண ஸ்பிரிங் மெத்தை அடுத்த வரிசையில் 56,000க்குக் கிடந்தது. அம்மாவின் நாரிக்குத்தானே என்று கூடினதையே எடுத்தேன்.

இந்த 2000 கணக்கை அங்கேயே யோசித்திருக்க வேண்டும். கணக்குப் படிப்பிக்கிற எனக்கு இது வெட்கம். ஒரு பொக்கெட் ஸ்பிரிங் கிட்டத்தட்ட இரண்டரை அங்குல அகலம் என்று வைத்தால், நீளத்துக்கு 30, அகலத்துக்கு 24, மொத்தம் 720. ஸ்பிரிங்கையே இன்னும் சின்னதாக்கினால், அல்லது மேலே சின்ன ஸ்பிரிங்கில் இன்னொரு அடுக்குப் போட்டால்தான் ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறும். அந்த மாதிரி மெத்தை அந்த விலைக்கு வராது.

சாமான் அன்றைக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, கல்லடிப் பாலத்தில் முன்னால் போகிற வாகனம் தெரியாத மழையில், இருட்டின பிறகு பட்டா லொறியில் கொண்டுவந்தார்கள். நாலு பக்கமும் பொலித்தீன் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. இறக்கின ஆட்கள் நனைந்துபோய் நிற்கிறார்கள், ஒருவர் தாளை நீட்டி, "அக்கா, சைன் ஒண்டு வச்சுத் தாங்க, இன்னும் ரெண்டு வீடு கிடக்கு" என்கிறார். பாவமாக இருந்தது, வைத்தேன். "பொருள் நல்ல நிலையில் கிடைத்தது" என்று அதில் அச்சடித்திருந்ததை அடுத்த நாள்தான் வாசித்தேன்.

சித்திரை வருசத்துக்குப் பிறகு கிறீச் என்று சத்தம் வரத் தொடங்கியது. பிறகு நடுவில் பள்ளம். நான் ஓரத்தில் உட்கார்ந்தாலே மற்றப் பக்கத்தில் படுத்திருக்கிற அம்மா மேலெழும்பி இறங்குகிறார். "என்னகா இது, தோணிக்குள்ள படுத்த மாதிரிக் கிடக்கு" என்றுவிட்டு, ஒரு நாள் பன்பாயை விரித்துக் கீழே படுத்துவிட்டார்.

கடைக்குப் போன் எடுத்தேன். "படுத்துப் பழகினா சரியாகிடும் டீச்சர்." அடுத்த தடவை, "கட்டில் பலகை இடைவெளி கூடவோ?" அதற்கடுத்த தடவை போனையே எடுக்கவில்லை. ஜூலையில் ஒரு இடத்தில் கம்பி துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. அன்றைக்குத்தான் கோபத்தில் தையலைப் பிரித்து அடியை வெட்டிப் பார்த்தேன்.

பொக்கெட் ஸ்பிரிங் என்றால் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித்தனித் துணிப் பைக்குள் இருக்கும், பைகள்தான் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும், அதனால்தான் அமத்தின இடம் மட்டும் அமிழும். எங்கள் மெத்தைக்குள் துணியே இல்லை. உடுக்கு மாதிரி நடு ஒடுங்கின வெறும் ஸ்பிரிங்குகள், மேலும் கீழும் மெல்லிய சுருள் கம்பியால் வரிசை வரிசையாகக் கோத்துக் கட்டியது. இதற்குப் பெயர் பொனெல். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் உள்ளதெல்லாம் சேர்ந்து வரும். அந்தக் கோத்த கம்பி ஒரு முனையில் கழன்றுதான் துணியைக் குத்தியிருக்கிறது. சில ஸ்பிரிங்கில் துருவும் பிடித்திருந்தது. எங்கள் கல்லடியில் ஒரு பக்கம் வாவி, ஒரு பக்கம் கடல், உப்புக் காற்றின் தலையில் பழியைப் போடலாம்தான், ஆனால் ஏழு மாதத்தில் இவ்வளவா? களஞ்சியத்தில் கிடந்த பழைய சாமான் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்று சொல்ல வேண்டும், பொனெல் கெட்ட சாமான் இல்லை. நல்ல கம்பியில் செய்தால் உறுதியாக இருக்கும், காற்றோட்டம் இருக்கும், விலையும் குறைவு, தனியாகப் படுக்கிறவருக்கு அது போதும். 56,000 ரூபா சாமானை 98,000க்கு ஏற்றினதுதான் என் பிரச்சினை. கம்பியின் தடிப்பைக் கேட்டால் கேஜ் நம்பர் சொல்வார்கள், அதில் நம்பர் கூடக் கூடக் கம்பி மெல்லிசு, 15ஐ விட 13 தடிப்பு. "கூடின நம்பர், கூடின தரம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வெளியே வாருங்கள். பள்ளத்துக்கும் எப்போதும் ஸ்பிரிங்தான் காரணம் என்றில்லை. எங்களுடையதில் ஸ்பிரிங்குக்கு மேலே இருந்த போம் (foam) அப்பளம் மாதிரி தட்டையாகிக் கிடந்தது.

பிசியோதெரபி செய்கிற தெரிந்த தம்பி ஒருவரிடம் புலம்பினபோது, நாரி உளைவுக்குக் கல் மாதிரி மெத்தை வேண்டும் என்பதும் சரியில்லை என்றார். 2003இல் லான்செட் சஞ்சிகையில் வந்த ஓர் ஆய்வில், நாள்பட்ட நாரி வலி உள்ள 313 பேரில், இறுக்கமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர இறுக்கத்தில் படுத்தவர்களுக்குத்தான் கூடுதல் சுகம் கிடைத்ததாம். இதை டிசம்பரில் கேட்டிருந்தால் அந்தக் கடைத் தம்பியிடம் வேறு கேள்வி கேட்டிருப்பேன்.

வெட்டின மெத்தையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "நீங்க வெட்டினபடியா வாரண்டி இல்லை" என்றார் முதலாளி. பில்லைக் காட்டச் சொன்னார். அதில் "மெத்தை 75×60 – 1" என்று மட்டும்தான் இருக்கிறது. பொக்கெட் என்ற சொல்லே இல்லை. வாரண்டி அட்டையிலும் பள்ளம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இருந்தால்தான் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்தேன். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்க வேண்டுமாம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. எனக்குச் சத்தம் கேட்கத் தொடங்கும்போதே அந்த மூன்று மாதம் முடிந்துவிட்டது, பிறகும் பத்து வருச வாரண்டியை நம்பிக் கடைக்காரரோடு போன் பேசிக்கொண்டிருந்தேன். உங்கள் மெத்தையில் குறை ஏதும் தெரிந்தால் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கப் போகிறவர்கள் பில்லில் பொக்கெட் ஸ்பிரிங் என்றும் கம்பி எத்தனை மில்லிமீற்றர் என்றும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அதுவே பதில். சிப் (zip) வைத்த உறையாக இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், மழையோ வெயிலோ, பொலித்தீனைப் பிரித்து, கடையில் அமத்தின மாதிரியே கையை வைத்து அமத்திப் பார்த்த பிறகு சைன் வையுங்கள். லொறித் தம்பிக்கு அவசரம் என்றால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுங்கள், நிற்பார்.

மெத்தை இப்போது விறாந்தைச் சுவரில் சாத்திக் கிடக்கிறது. வெட்டின ஓட்டைக்குள் பூனை குட்டி போட்டிருக்கிறது. அம்மா இன்னும் பாயில்தான்.