பழைய பெடல் கயாக்: மூன்று மாத அனுபவம்

சிட்னியில் ஒருவரிடம் ஹோபி அவுட்பேக் என்ற பழைய பெடல் கயாக் (காலால் மிதித்து ஓட்டும் சிறு படகு) வாங்கினேன். பெடலை மிதித்தால் அடியில் இரண்டு இறக்கைகள் பென்குவின் போல அசைந்து படகைத் தள்ளும். கை சும்மா இருப்பதால் தூண்டிலைப் பிடித்துக்கொள்ளலாம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

பார்க்கப் போனது பொழுது சாய்ந்த நேரம். விற்றவர் பளபளவென்று கழுவி வைத்திருந்தார். பெடலை மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்தேன், புத்திசாலி! முதல் நாள் பாட்டனி விரிகுடாவில் இரண்டு மணி நேரம் மிதித்துவிட்டுக் கரையில் வடிகால் மூடியைத் திறந்தால், அரை வாளித் தண்ணீர் கொட்டியது. சிமென்ட் சரிவில் தரதரவென்று இழுத்தே பின்பக்க அடி தேய்ந்து, மயிரிழை விரிசல் விட்டிருக்கிறது. படகு பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது; அதில் சாதாரணப் பசை ஒட்டாது, பிளாஸ்டிக் வெல்டிங்தான். வாங்குமுன் கவிழ்த்துப் போட்டு, உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் கனம். எல்லாம் மாட்டினால் 40 கிலோவுக்கு மேல். தனியாகக் கார் மேலே ஏற்ற என் முதுகு சம்மதிக்கவில்லை. தள்ளிக்கொண்டு போக சக்கரம் தனிச் செலவு. ஆழம் குறைந்த இடத்தில் ஒரு பெடலை முழுதாக முன்னே தள்ளி நிறுத்தினால் இறக்கைகள் படகின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், மணலில் இடிக்காது.

போன சனிக்கிழமை எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டே ஒரு ஃபிளாட்ஹெட் மீனை இழுத்தேன். விற்றவர் மேலிருந்த கோபம் பாதி போய்விட்டது.