மண் சாலையும் கலங்கும் ஓடையும்: பென்சில்வேனியா வழியா, வெர்மான்ட் வழியா?

கிராமத்து மண் சாலைக்கு அரசு பணம் ஒதுக்கினால் அது போக்குவரத்துக் கணக்கில்தான் வரும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவும் வெர்மான்ட்டும் அதை ஓடைகளின் கணக்கிலும் எழுதின. நோக்கம் ஒன்றுதான் என்றாலும் பணம் போகும் வழி இரண்டிலும் வேறு.

முதலில் சிக்கலைப் பார்ப்போம். சாலையைச் சுரண்டிச் சமன்படுத்தும் கிரேடர் இயந்திரத்தை ஓட்டும்போது ஒதுங்கும் மண் சாலையோரத்தில் வரப்பு போல நின்றுவிடும். மழைநீர் பக்கத்துக் காட்டுக்குள் இறங்க வழியில்லாமல் சக்கரத் தடத்திலேயே சரிவில் ஓடி, கீழே இருக்கும் பாலத்தடியில் செம்பழுப்பாகக் கொட்டும். பென்சில்வேனியாவின் மாநில மீனான புரூக் டிரவுட் இலையுதிர் காலத்தில் ஓடைச் சரளைக்குள் முட்டையிடும். சரளை இடுக்குகளை வண்டல் அடைத்தால் முட்டைகள் மூச்சு முட்டிச் சாகும். வெர்மான்ட்டின் கவலை சாம்ப்ளெயின் ஏரி. மண்ணோடு ஒட்டிவரும் பாஸ்பரஸ் அங்கே நச்சுப் பாசியை வளர்க்கிறது.

பென்சில்வேனியாவில் இதைத் தொடங்கிவைத்தவர்கள் தூண்டில்காரர்கள். ‘டிரவுட் அன்லிமிடெட்’ என்ற மீன் பாதுகாப்பு அமைப்பின் தொண்டர்கள் ஓடையோரச் சாலைகளைச் சுற்றிப் பார்த்து, மண் சரியும் இடங்கள் 900-க்கும் மேல் கண்டுபிடித்தார்கள். 1997-இல் வாகனச் சட்டத்தின் 9106-ஆம் பிரிவு ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2013-இல் அது 3.5 கோடி ஆனது. அதில் 2.8 கோடி மாவட்ட மண்-நீர்ப் பாதுகாப்பு அமைப்புகள் வழியாக ஊர்களுக்குப் போகிறது. மீதி வனத்துறைச் சாலைகளுக்கு. எந்த வேலைக்குப் பணம் என்பதை உள்ளூர்க் குழுவே பரிந்துரைக்கிறது. குழுவில் வாக்குரிமை மூன்றே பேருக்கு: மாவட்ட அமைப்பு, மத்திய அரசின் இயற்கைவளப் பாதுகாப்புத் துறை, மாநில மீன்வள ஆணையம் ஆகியவற்றிலிருந்து தலா ஒருவர். மீனுக்காகப் பேச ஒரு வாக்கு உறுதி. ஊர் தன் பங்காக இவ்வளவு போட வேண்டும் என்று மாநில விதி கேட்பதில்லை. கேட்பது வேறொன்று: விண்ணப்பிக்கும் ஊரிலிருந்து பொறுப்பாளர் ஒருவர் கடந்த ஐந்தாண்டுக்குள் இரண்டு நாள் பயிற்சிக்கு வந்திருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால் இந்தத் திட்டத்தின் உயிரே அந்தப் பயிற்சிதான். ஆண்டாண்டாகச் சுரண்டிச் சுரண்டிப் பள்ளமாகிவிட்ட சாலைக்கு இன்னும் ஆழமான வாய்க்கால் வெட்டுவதுதான் பழைய வழக்கம். பயிற்சியில் சொல்லித்தருவது அதற்கு நேரெதிர்: மலிவான நிரவல் மண்ணும் கல்லும் கொட்டிச் சாலையை உயர்த்து, நீர் இரண்டு பக்கமும் பரவி இறங்கட்டும், குறுக்குக் குழாய்களைக் கூட்டு, ஒரே இடத்தில் வெள்ளம் சேராது, ஊற்று நீரைச் சாலைக்கு அடியிலேயே கடத்திவிடு. மேலே போடும் கல்லுக்கும் தனி அளவு உண்டு. ஒன்றரை அங்குல ஜல்லியில் தொடங்கித் தூள் வரை எல்லாம் கலந்திருக்க வேண்டும். அந்தத் தூளும் உடைத்த கல்லின் தூளாகவே இருக்க வேண்டும். களிமண் கலந்தால் அது அடுத்த மழையில் ஓடைக்குத்தான் போகும்.

வெர்மான்ட் கையில் எடுத்தது சட்டத்தை. அங்கே பாதிக்கு மேல் மண் சாலைகளே. 2015-இன் 64-ஆம் சட்டத்தைத் தொடர்ந்து, 2018-இல் ஊராட்சிச் சாலைகளுக்கு நீர்த்தர அனுமதிமுறை வந்தது. ஓடையோடு நீர்த்தொடர்பு உள்ள ஒவ்வொரு சாலைத் துண்டையும் ஊர் கணக்கெடுக்க வேண்டும், 2036-க்குள் தரத்துக்குக் கொண்டுவர வேண்டும். சரிவு 8 சதவீதத்துக்கு மேல் என்றால் வாய்க்காலில் கல் பதிக்க வேண்டும், 5-க்குக் கீழ் என்றால் புல் போதும். இதற்கான மானியத்தில் ஊர் 20 சதவீதம் போட வேண்டும்.

வெர்மான்ட் முறையில் எந்த ஊரும் விடுபட முடியாது என்பது பெரிய பலம். பென்சில்வேனியாவிலோ விண்ணப்பிக்காத ஊரின் சாலை அப்படியே கிடக்கலாம், கேட்பார் இல்லை. மண் சாலை 20,000 மைலுக்கு மேல் உள்ள மாநிலத்தில் இது சின்ன ஓட்டை அல்ல. ஆனால் வேலையின் தரத்தில் என் வாக்கு பென்சில்வேனியாவுக்கே. வெர்மான்ட் விதியின் பாரம் வாய்க்கால் மீது விழுகிறது. கல் பதித்த வாய்க்கால் அரிக்காது, உண்மைதான், ஆனாலும் நீரைத் திரட்டிக் கொண்டுபோகும் வாய்க்கால்தான் அது. நீரைத் திரளவே விடாமல் காட்டுக்குள் பிரித்துவிடுவது இன்னும் நல்லது. அதற்கு ஒவ்வொரு இடத்தையும் பார்த்து முடிவெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அட்டவணை பார்த்து அதைச் செய்துவிட முடியாது.

புதிதாகத் தொடங்கும் மாநிலம் எதுவானாலும், பயிற்சி இல்லாத ஊருக்குப் பணம் இல்லை என்ற நிபந்தனையை முதல் ஆண்டிலேயே வைக்கட்டும். ஊர்ப் பங்கு கேட்க வேண்டாம், ஏழை ஊர்களின் சாலைதான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். கணக்கெடுப்பையும் கெடு தேதியையும் வெர்மான்ட்டிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். கிரேடர் ஓட்டுபவர் வேலை கற்ற பிறகு அந்தக் கெடு வரட்டும்.